பாடலாம், சொல்லலாகாதா? – பொப் இசையும் சமபாலுறவினரின் வெளிப்படையும்

கலைஞனின் தனிவாழ்வு வேறு, அவனது கலை வேறு. பாடகன் பாடினாற் போதும், தான் யாரைக் காதலிக்கிறான் என்பதை அவன் ஊருக்குப் பறைசாற்ற வேண்டியதில்லை என்றொரு வாதம் நம்மிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. மேலைத்தேயப் பொப் இசையை விரும்பிக் கேட்போரும், அதனை வெறுத்தொதுக்குவோரும் இவ்வொரு விடயத்தில் ஒன்றுபட்டு நிற்பதைக் காணலாம். முதற்பார்வையில் இவ்வாதம் கண்ணியமானதாகவே தோன்றும். அது எவரையும் ஏசுவதில்லை; எவரையும் சிறைக்கு அனுப்பும்படி கேட்பதுமில்லை. 'இருந்துவிட்டுப் போகட்டும், ஏன் சொல்ல வேண்டும்?' என்று மாத்திரமே கேட்கின்றது. அக்கேள்வி நடுநிலையானதன்று என்பதையும், இசைக் கைத்தொழில் தனது இலாபத்துக்காகவும் அரசு தனது ஒழுங்குக்காகவும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியே அது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். நமது பத்திரிகைகள் பல்லாண்டுகளாக வழங்கிவரும் 'ஓரினச் சேர்க்கை' என்னும் தொடர், ஒரு மனிதனின் காதல், தோழமை, பிரிவு, துயரம் ஆகிய யாவற்றையும் ஓர் உடற்செயலுக்குள் அடக்கிவிடுகின்றது. அகத்திணையைப் பற்றி எழுதும்போது நாம் அதனை 'ஆண்பெண் சேர்க்கை' என்று குறிப்பிடுவதில்லை. காதல் என்றே எழுதுகின்றோம். ஒரு சாராருக்குக் காதலும் மறு சாராருக்குச் சேர்க்கையும் எனச் சொற்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பின்னர் நடுநிலை பேசுவது நேர்மையாகாது. ஆகவே சமபாலுறவினர், சமபாற்காதல் என்னும் சொற்களே இங்கு ஆளப்படுகின்றன.

பொப் இசை எதனை விற்கின்றது என்ற வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. அது சுருதியையும் தாளத்தையும் மட்டும் விற்பதில்லை. 'நான்' என்று பாடுகின்ற ஒரு மனிதனை விற்கின்றது. பாடகனின் திருமணம், அவனது குழந்தையின் முதற் புகைப்படம், அவனது மணமுறிவு ஆகிய அனைத்தும் இசைத்தட்டோடு சேர்த்து விற்கப்படும் சரக்குகளே. ஆண் பாடகனொருவன் தன் மனைவியின் பெயரைப் பாடலின் தலைப்பாக வைப்பின் அதனைக் காதலின் ஆழம் என்று போற்றுகின்றோம். அவன் தன் தனிவாழ்வைப் பறைசாற்றுகின்றான் என்று எவரும் முகஞ்சுளிப்பதில்லை. தனிவாழ்வு காக்கப்பட வேண்டும் என்னும் கோட்பாடு ஒரு சாராரிடம் மட்டும் வற்புறுத்தப்படுமாயின், அது கோட்பாடன்று, கட்டளையாகும்.

இக்கட்டளை இயற்கையாய் என்றுமுள்ளதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிற் புகழ்பெற்ற மா றெயினி, 1928ஆம் ஆண்டில் 'புறூவ் இற் ஒன் மீ புளூஸ்' என்னும் பாடலைப் பதிவுசெய்தார். பெண்களை விரும்பும் பெண்ணொருத்தியின் குரலில், முடிந்தால் நிரூபித்துப் பாருங்கள் என்று உலகைச் சீண்டுவதாய் அமைந்தது அப்பாடல். அதனை வெளியிட்ட பரமவுண்ட் கம்பனி, ஆணுடையும் தொப்பியும் அணிந்த ஒரு பெண் ஏனைய பெண்களோடு உரையாடிக்கொண்டிருக்க, பொலிஸ்காரனொருவன் அப்பால் நின்று கவனிப்பதாக வரையப்பட்ட படத்துடன் பத்திரிகை விளம்பரமும் செய்தது. கறுப்பின மக்களுக்கெனத் தனியாக விற்கப்பட்ட இசைத்தட்டில் இது இயலுமாயிற்று. வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையில் வானொலியும் பின்னர் தொலைக்காட்சியும் அமர்ந்தபோதே மௌனம் தொழிலின் நிபந்தனையாயிற்று.

அந்நிபந்தனையின் விலையைப் பியானோக் கலைஞர் லிபராச்சியின் வாழ்வு காட்டும். 1956இல் இலண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் 'கசாண்ட்ரா' என்னும் புனைபெயரில் எழுதிய வில்லியம் கொனர், அவரை ஏளனஞ்செய்து, அவர் சமபாலுறவினர் எனக் குறிப்பாக உணர்த்தும் வகையில் எழுதினார். லிபராச்சி அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 1959ஆம் ஆண்டில் நீதிமன்றிற் சத்தியஞ்செய்து அதனை மறுத்தார். 8,000 பவுண் நட்டஈடும் பெற்றார். ஆண்களுக்கிடையிலான உறவு அன்று இங்கிலாந்திற் குற்றமாயிருந்தது. ஆகவே அவர் மறுத்ததற்காக அவரைப் பழித்தல் எளிது, நியாயமன்று. 1987ஆம் ஆண்டில் எய்ட்ஸ் நோயோடு தொடர்புடைய நிலையில் அவர் இறந்தபோதும் அம்மௌனம் கலையவில்லை. மரண விசாரணை அதிகாரியே உண்மையை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு மனிதனைப் பற்றிய உண்மையைச் சொல்வது அவதூறு எனவும், பொய்ச்சத்தியம் அவனது மானத்தின் காவல் எனவும் ஆக்கிவைத்த சமூகமே இங்கு குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது.

1967ஆம் ஆண்டின் பாலியற் குற்றச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்நிலையை ஓரளவு மாற்றியது. இருபத்தொரு வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் உறவுகொள்ளின் அது குற்றமாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். 'தனிமையில்' என்னும் சொல் இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இரு, ஆனால் வெளியே தெரியாதிரு என்பதே அச்சலுகையின் பொருள். நமது நண்பர்கள் கேட்கும் 'ஏன் சொல்ல வேண்டும்?' என்னும் கேள்வி, இச்சட்டவாசகத்தின் வீட்டுமொழிப் பதிப்பேயன்றி வேறன்று.

சட்டம் மாறிய ஐந்தாண்டுகளுள், 1972 ஜனவரியில், டேவிட் போவி 'மெலடி மேக்கர்' சஞ்சிகைக்கு அளித்த பேட்டியில் தாம் சமபாலுறவினர் என்றார். அக்காலத்து மேடையில் அவர் பூண்ட வேடமும் ஆண்பெண் எல்லையைக் கலைப்பதாயிருந்தது. அது எண்ணற்ற இளைஞருக்குத் துணிவளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 1983இல், உலகச் சந்தையின் உச்சியை அவர் எட்டிய ஆண்டிலேயே, அத்தகைய கூற்றுத் தாம் செய்த பெருந்தவறு என்று 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகைக்குக் கூறினார். எல்ரன் ஜோன் 1976இல் அதே சஞ்சிகையிற் பாதி உண்மையைச் சொன்னார். 1984இல் ஒரு பெண்ணை மணந்தார். 1988இல் அம்மணம் முறிந்தது. 2005 டிசம்பரிலேயே, இங்கிலாந்திற் குடிசார் இணைவு சாத்தியமான முதல் நாளில், தம் துணைவரோடு பதிவு செய்துகொண்டார். பாதியுண்மைக்கும் முழுமைக்குமிடையே இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வேடத்தை இரசிக்கும் சமூகம் மனிதனை ஏற்றுக்கொள்ளும் என எதிர்பார்க்க முடியாது. நமது நாட்டுக்கூத்தில் ஆண் பெண்வேடம் பூண்டாடியதை நாமும் கைதட்டி வரவேற்றவர்களே. அரங்கு முடிந்ததும் வேடம் களையப்படும் என்ற உறுதி இருக்கும்வரை எச்சமூகமும் தாராளமாயிருக்கும். களைய முடியாத ஒன்றைப் பற்றி ஒருவன் பேசத் தொடங்கும்போதே அத்தாராளத்தின் எல்லை தெரியவரும்.

அவ்வெல்லையில் நேராகச் சென்று மோதியவர் ரொம் றொபின்சன். சமபாலுறவினராய் இருப்பதில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவரது பாடல், 1976ஆம் ஆண்டு இலண்டன் ஊர்வலத்துக்கென எழுதப்பட்டு, 1978இல் இசைத்தட்டாக வெளிவந்தது. தலைப்பின் மகிழ்ச்சி கசப்பான எள்ளலாகும். பாடலின் உடலில் உள்ளவை பொலிஸ் தொல்லையும் பத்திரிகைகளின் இரட்டை வேடமும் தெருவில் விழும் அடியுமே. அவ்விசைத்தட்டு விற்பனை வரிசையில் 18ஆம் இடத்தை அடைந்தபோதும், பி.பி.சி.யின் முதலாம் வானொலி தனது வரிசை நிகழ்ச்சியில் அதனை ஒலிபரப்பாது, அதே தட்டிலிருந்த வேறொரு பாடலை ஒலிபரப்பியது. பிற்காலத்தில் றொபின்சன் ஒரு பெண்ணை மணந்தார், பத்திரிகைகள் நகைத்தன. அவரோ அப்பாடலைக் கைவிடவில்லை; காலத்துக்கேற்பப் புதிய அடிகளைச் சேர்த்துப் பாடிவந்தார். ஒருவர் இன்று யாரோடு வாழ்கிறார் என்பதன்று, யாருடைய பக்கத்தில் நிற்கிறார் என்பதே அங்கு கேள்வியாயிருந்தது.

அமெரிக்காவில் இதே காலத்திற் கறுப்பினப் பாடகர் சில்வெஸ்ரர் எதனையும் மறைக்காமல் டிஸ்கோ இசையின் உச்சியில் நின்றார். 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் அழைப்பின் பேரில் டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பார்வையாளர் மைதானத்துட் பாய்ந்தனர். இது வெறும் இரசனைப் பிணக்கு என்பார் உளர். ஆயின் அவ்விசையின் முகங்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களுடையனவும் சமபாலுறவினருடையனவுமாய் இருந்தமையை மறந்து அந்நெருப்பை விளங்கிக்கொள்ள இயலாது. சில்வெஸ்ரர் 1988இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இறப்பதற்கு முன், தம் பாடல்களின் எதிர்கால வருமானத்தை சான் பிரான்சிஸ்கோவில் அந்நோயாளருக்குப் பணிபுரியும் அமைப்புகளுக்கு எழுதிவைத்தார்.

'இவையெல்லாம் தனிமனித அடையாளம் பற்றிய நடுத்தர வர்க்கக் கவலைகள். வர்க்கப் போராட்டத்தைத் திசைதிருப்புவன' என்று நமது இடதுசாரி நண்பர்கள் கூறுவதுண்டு. அவர்களுக்கு 1984ஆம் ஆண்டின் பிரித்தானியாவை நினைவூட்ட விரும்புகின்றேன். மூன்று வெளிப்படையான சமபாலுறவினரைக் கொண்ட பிரொன்ஸ்கி பீற் குழுவினர் அவ்வாண்டில், சிறுநகர் ஒன்றிலிருந்து வீட்டைவிட்டுப் புகைவண்டியேறும் இளைஞனைப் பற்றிய பாடலால் விற்பனை வரிசையின் 3ஆம் இடத்தை அடைந்தனர். அவர்களது இசைத்தொகுதி 'சம்மத வயது' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிற்று. அதன் உட்தாளில், ஐரோப்பிய நாடுகளிற் சமபாலுறவுக்கான சம்மத வயது எத்தனை எனப் பட்டியலிடப்பட்டது. பிரித்தானியாவில் அது 21. ஆண்பெண் உறவுக்கு 16. ஒரு பொப் இசைத்தட்டு சட்டநூலின் வேலையைச் செய்தது.

அதே ஆண்டு மார்ச்சிற் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இலண்டனிற் சமபாலுறவினர் குழுவொன்று வாளியேந்தி நிதிதிரட்டி, தென் வேல்சின் டுலைஸ் பள்ளத்தாக்குத் தொழிலாளருக்கு வழங்கிற்று. 1984 டிசம்பர் 10ஆம் திகதி இலண்டன் கம்டனில் அந்நிதிக்காக நடைபெற்ற இசைநிகழ்ச்சியில் முதன்மையாகப் பாடியவர்கள் பிரொன்ஸ்கி பீற் குழுவினரே. 1985 ஜூனில் சுரங்கத் தொழிலாளர் தம் சங்கக் கொடியோடு இலண்டன் ஊர்வலத்தில் நடந்தனர். அவ்வாண்டுத் தொழிற்கட்சி மாநாட்டிற் சமபாலுறவினர் உரிமைக்கான தீர்மானம் நிறைவேறியபோது, அதற்குக் கைகொடுத்தவற்றுள் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகளும் அடங்கும். றொபின்சனின் குழுவும் 1978 ஏப்பிரலில் இனவாதத்துக்கெதிரான விக்ரோரியா பூங்கா நிகழ்ச்சியிற் பாடியதே. பெயரின்றி முகமின்றி இருந்தோர் இத்தோழமையைக் கட்டியிருக்க முடியுமா? தம்மை இன்னாரென்று சொல்லி முன்வந்தவர்களோடுதான் தொழிலாளர் கைகோக்க முடிந்தது. வெளிப்படை வர்க்க ஒற்றுமையைக் கெடுக்கவில்லை, அதனைச் சாத்தியமாக்கியது.

ஆட்சியாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1988 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் சமபாலுறவை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்தது. அதனைக் குடும்ப உறவாக ஏற்கலாம் எனப் பாடசாலைகளிற் கற்பிப்பதை ஊக்குவித்தலையும் தடைசெய்தது. உறவு குற்றமன்று, பேச்சே குற்றம் என்ற நிலை இவ்வாறு பிறந்தது. அச்சட்டமூலம் விவாதத்திலிருந்த ஜனவரி மாதத்தில் நடிகர் இயன் மக்கெலன் பி.பி.சி. மூன்றாம் வானொலி விவாதமொன்றில் தாமும் அவர்களில் ஒருவரே என்று கூறினார். போய் ஜோர்ஜ் அப்பிரிவைக் கண்டித்து ஒரு பாடலையே வெளியிட்டார். அச்சட்டம் ஸ்கொட்லாந்தில் 2000ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003ஆம் ஆண்டிலுமே நீக்கப்பட்டது. 'ஏன் சொல்ல வேண்டும்?' என்பது ஒரு நாட்டின் சட்டமாகவே பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தது. அக்காலத்திற் பள்ளியிற் பயின்ற பிள்ளை தன்னைப் பற்றி ஆசிரியரிடம் கேட்க முடியாதபோது, வானொலிப் பெட்டியன்றி வேறு யாரிடம் கேட்டிருக்கும்?

மௌனத்தின் விலையைப் பாடகர் மட்டும் செலுத்துவதில்லை, பாடலும் செலுத்துகின்றது. பிரெடி மேர்க்கியூரி 1991 நவம்பர் 23ஆம் திகதி தமக்கு எய்ட்ஸ் என அறிவித்து, மறுநாள் மறைந்தார். ஜோர்ஜ் மைக்கல் 1996இல் வெளியிட்ட 'ஜீசஸ் ரு எ சைல்ட்' என்னும் பாடல் பிரித்தானிய வரிசையில் முதலிடம் பெற்றது. அது 1993இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்த தம் காதலருக்கான இரங்கற்பா என்பதை அவரால் அன்று கேட்போருக்கு வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. நமது மரபிற் கையறுநிலை என்றொரு துறையுண்டு. இறந்தவனின் பெயரும் பண்பும் சொல்லிப் புலம்புவது அது. யாருக்காக அழுகிறோம் என்று சொல்ல முடியாத கையறுநிலை எத்தகையது என்பதைக் 'கலை வேறு, வாழ்வு வேறு' என்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். இலட்சக்கணக்கானோர் அப்பாடலை வாங்கினர். அவரது துயரத்தை அறிந்தோர் சிலரே.

இரண்டாண்டுகளின் பின், 1998 ஏப்பிரலில், கலிபோர்னியாவிற் சாதாரண உடையணிந்த பொலிஸ்காரர் ஒருவரால் மைக்கல் கைதுசெய்யப்பட்டார். தாம் யார் என்பதை அதன் பின்னரே அவர் தொலைக்காட்சியில் உலகறியச் சொன்னார். 1999இல் போய்சோன் குழுவின் ஸ்ரீவன் கேற்லி, தம்மைப் பற்றிய கதையை வேறொருவர் விற்கவிருந்த நெருக்கடியில், தாமே 'சன்' பத்திரிகையிற் கூற நேர்ந்தது. அவர் 2009இல் இயற்கைக் காரணத்தால் இறந்தபோது 'டெய்லி மெயில்' வெளியிட்ட பத்தியொன்று அச்சாவையே இழிவுபடுத்தியதாக 25,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குக் கிடைத்தன. ஆணைக்குழுவோ 2010இல் முறைப்பாட்டை ஏற்க மறுத்தது.

இங்கு ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். ஒவ்வொரு கலைஞனும் தன்னை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது எமது வாதமன்று. எவரிடமும் வாக்குமூலம் கேட்கும் உரிமை எவருக்குமில்லை. சொல்லாதே என்று ஒப்பந்தத்தை நீட்டும் கம்பனியும், சொல் என்று கழுத்தைப் பிடிக்கும் பத்திரிகையும் ஒரே சந்தையின் இரு கடைகளேயாம். முதலாவது மௌனத்தை விற்கின்றது. இரண்டாவது அம்மௌனம் உடையும் ஓசையை விற்கின்றது. சொல்வதால் எதனையும் இழக்க வேண்டியிராத நிலை தோன்றும்போதே சொல்லாதிருப்பதும் ஒருவனின் சுதந்திரமான தெரிவாகும். அதுவரை அது அச்சத்தின் மறுபெயரே.

'இன்றோ இது வியாபார உத்தியாகிவிட்டது' என்பது அடுத்த ஆட்சேபம். வானவில் நிறங்களைப் பெருங்கம்பனிகள் தம் பொருள்களிற் பூசி விற்பது உண்மையே. அதனைக் கண்டிக்க எமக்குத் தயக்கமில்லை. ஆனால் வரலாற்று வரிசையை மாற்றிவிடக்கூடாது. சந்தை துணிவைப் பிறப்பிக்கவில்லை. பிறர் இரத்தஞ் சிந்திப் பெற்ற துணிவை அது பின்னர் விலைக்கு வாங்கியது. மேலும், 2019 ஜூன் இறுதியில் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் தம்மை வெளிப்படுத்தியபோது, அவரது பாடல் ஏற்கனவே அமெரிக்க வரிசையின் முதலிடத்தில் இருந்தது. அது மொத்தம் 19 வாரங்கள் அங்கு நின்றது. விற்பனைக்காகச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கிருக்கவில்லை. இழப்பதற்கே அவரிடம் நிரம்ப இருந்தது.

இறுதியாக, 'இது மேற்கின் இறக்குமதி. எமக்கு இதனோடு என்ன தொடர்பு?' என்பாருக்கு ஒரு விடை. இறக்குமதியானது காதலன்று, தண்டனையே. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியக் குடியேற்ற ஆட்சி நமக்கு விட்டுச்சென்றவை. லிபராச்சியைப் பொய்ச்சத்தியம் செய்ய வைத்த சட்டங்களும் இவையும் ஒரே மரத்தின் கிளைகள். தாய்மரத்தை இங்கிலாந்து 1967இல் வெட்டத் தொடங்கியது. நாமோ கிளைக்கு நீரூற்றினோம். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. ஆண்பெண் சமத்துவம் நமது நாட்டிலே தண்டனையில் எவ்வளவு விரைவாக வந்துவிடுகின்றது! இந்திய உயர் நீதிமன்றம் தன் நாட்டின் 377ஆம் பிரிவின் கூரை 2018இல் முறித்தது. அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என நமது உயர் நீதிமன்றமும் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. எனினும் அப்பாராளுமன்றம் 2024இற் கலைக்கப்படும் வரை அச்சட்டமூலம் நிறைவேற்றப்படவில்லை.

அப்பாடல்களை நாம் விடுதி அறைகளிற் கேட்கின்றோம்; கலைவிழா மேடைகளிற் பாடுகின்றோம். மேர்க்கியூரியின் குரலுக்கும் மைக்கலின் துயரத்துக்கும் கைதட்டும் அதே கைகள், அவர்களைப் போன்ற ஒருவன் நமது வகுப்பறையில் இருப்பானாயின் அவனைச் சுட்டிச் சிரிப்பதற்கு நீள்கின்றன. பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவனை வாசலில் நிறுத்துவது இரசனையன்று; சுரண்டல். ஆகவே நமது விமர்சகர்களிடம் நாம் வேண்டுவது அநுதாபமன்று, நேர்மையே. ஆண்பெண் காதலைப் பாடுவோனுக்கு வழங்கும் அதே உரிமையை, அதே அளவுகோலை, அதே சொற்களை மற்றவனுக்கும் வழங்குங்கள். அது முடியாதெனின், கலை வேறு வாழ்வு வேறு என்று இனிமேற் சொல்லாதீர்கள். சிலருடைய வாழ்வு மட்டும் வேறு என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.